லைன்மேன் பார்த்த கார்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் 'புரியவில்லை' என்று சொல்ல வாய் வராது, தலை மட்டும் தானாக ஆடிவிடும். படித்தவர்கள் கூச்சப்படாமல், "கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க" என்று கேட்டுவிடுவார்கள். நாங்கள் கேட்டால், இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். (எனக்கு அது ஒன்றுதானா பயம்? கார் ஓட்டும்போது எதிரே மாட்டு வண்டி வந்தால் பயம். வராவிட்டால், ஏன் இன்னும் ஒன்றையும் காணோம் என்று பயம்.) இப்படித் தலையை ஆட்டித்தான் நான் ஒரு காரைப் பலாப்பழக் குவியலுக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் ஓர் அரிசி ஆலை முதலாளியிடம் கார் டிரைவராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சுரண்டையில் எனக்குப் பெண் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா நல்ல மனிதர், ஆனால் அவசரப்படாதவர்.

"டிரைவர் வேலைன்னு சொல்லுதிய, சந்தோசம். ஆவணி வரைக்கும் வேலை நெலைக்குதான்னு பாப்போம். பொறவு நானே வந்து ஒங்க மொதலாளியப் பாத்து ஒரு வார்த்த கேட்டுட்டு முகூர்த்தம் குறிக்கேன்" என்று சொல்லிவிட்டார்.

அதாவது, ஆவணி வரை காரை எதன் மீதும் மோதாமல் வைத்திருந்தால் எனக்குக் கல்யாணம். மோதினால் வேலை போகும், வேலை போனால் பெண்ணும் போகும். அப்போது ஆனி மாதம்.

கார் ஒரு பழைய சீமைக் கார், நல்ல உயரம். முதலாளிக்கோ முழங்கால் வலி, அதோடு கனத்த உடம்பு. (ஆலையில் மூட்டை தூக்குகிறவர்களே அவரைப் பார்த்தால் ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.) காலைத் தூக்கி வைத்துக் காரில் ஏற முடியாமல் தினமும் கஷ்டப்பட்டார். எங்கள் காரைப் பழுது பார்க்கும் காதர் மேஸ்திரி இதைப் பார்த்துவிட்டு, "நீங்க ஏற முடியலைன்னா என்ன மொதலாளி, காரை எறக்கிருவோம்" என்றார். சொன்னபடியே ஸ்பிரிங்கில் இருந்து சில பட்டைகளைக் கழற்றி எடுத்துவிட்டார். அடைக்கு உட்கார்ந்த கோழி மாதிரி கார் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. முதலாளி நாற்காலியில் உட்காருவது போல் சுகமாக உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து கார் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. எங்கள் ஊரில் காபிக் கடைகள் இடது பக்கம்தான் அதிகமோ என்னவோ, ஒவ்வொரு கடை வாசலிலும் கார் ஒதுங்கப் பார்க்கும். நான் ஸ்டியரிங்கை வலது பக்கம் முறுக்கிப் பிடித்துப் பிடித்து, காரை விட்டு இறங்கிய பிறகும் வலது பக்கமாகவே நடந்தேன்.

அந்தச் சமயத்தில் முதலாளி மகளைப் பெண் கேட்டுப் பாளையங்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. வருகிறவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் அருவி காட்ட வேண்டும். முதல் நாள் காலை முதலாளி வாய் நிறைய வெற்றிலையோடு ஜன்னலில் இருந்து கூப்பிட்டார்.

அவர் சொன்னது, "வீல் அலைன்மெண்ட்ட பாத்துரு." முன்சக்கரங்கள் இரண்டும் நேராக நிற்கின்றனவா என்று அளந்து சரி செய்வதற்குத்தான் அலைன்மெண்ட் என்று பெயர். எனக்கு அந்த வார்த்தை அன்றுவரை தெரியாது. என் காதில் விழுந்தது, "வீல லைன்மேன்ட்ட பாத்துரு."

தலையை ஆட்டிவிட்டேன்.

லைன்மேன் என்றால் எனக்கு நன்றாகத் தெரியும். மின்சாரக் கம்பி இழுக்கிறவர். போன வாரம்தான் ஆலைக்குப் புதுக் கம்பி இழுத்துக் கொடுத்தார். காரின் சக்கரத்தை அவரிடம் எதற்குக் காட்ட வேண்டும் என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க நியாயமாகவே பட்டது. கம்பத்தை நேராக நடுகிறவர், கம்பியை நேராக இழுக்கிறவர். நேர் பார்க்கும் வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் யார் இருக்கிறார்? முதலாளியின் மூளையை மெச்சிக்கொண்டே காரை எடுத்தேன்.

பக்கத்து ஊரான மேலகரத்தில் ஒரு மின்கம்பத்தின் உச்சியில் அவர் இருந்தார்.

"லைன்மேன் அண்ணாச்சியா?" என்று கீழே இருந்து கேட்டேன்.

"இல்ல, தேங்கா பறிக்க ஏறிருக்கேன். என்னலே வேணும்?"

"எங்க மொதலாளி வீல ஒங்கட்ட காட்டச் சொன்னாவ."

"எந்த வீலு?"

"நாலும்."

கையில் இருந்த ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு மெதுவாக இறங்கி வந்தார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மொதலாளியே சொன்னாவளா?" என்று கேட்டார். சொன்னார்கள் என்றேன். அவரும் தலையை ஆட்டினார். (அவர் எத்தனாம் வகுப்போடு நிறுத்தினாரோ, நான் கேட்கவில்லை.)

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பொறுப்பெடுத்துக்கொண்டபின் மனிதர் வேலையில் குறை வைக்கவில்லை. கம்பத்துக்கு நேர் பார்க்கிற நூலை எடுத்து, பின்சக்கரத்தில் இருந்து முன்சக்கரம் வரைக்கும் இழுத்துக் கட்டினார். ரோட்டில் கன்னத்தை வைத்துப் படுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஏலே, இந்த ரெண்டு சக்கரமும் சண்ட போட்ட சம்பந்திமாரு மாதிரி ஆளுக்கொரு பக்கம் பாக்குதுலா. இத எப்படி ஓட்டுத?"

"பயந்துக்கிட்டேதான் அண்ணாச்சி."

அடியில் இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற கம்பியைக் காட்டினேன். "கம்பின்னா நம்ம வேலதான்" என்று சொல்லி, தம்முடைய ஸ்பேனரை வைத்தே அதைத் திருகித் திருகி, நூலும் சக்கரமும் ஒட்டி நிற்கும்படி செய்துவிட்டார். "நாளைக்கு நான் குத்தாலத்துல சீசன் லைட்டு மாட்டிக்கிட்டு இருப்பேன். எப்படி ஓடுதுன்னு வந்து சொல்லு."

குற்றாலம் வரை ஓட்டிப் பார்த்தேன். அம்பு மாதிரி போனது. வழியில் ஒரு காபிக் கடையைக்கூடக் கார் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று முழுவதும் எனக்குப் பயமே இல்லை. அதுவே ஒரு பயமாக இருந்தது.

மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, அத்தை மூவரும் வந்தார்கள். அப்பா வக்கீல் குமாஸ்தா. அம்மா காலையில் இருந்து பல் தெரியச் சிரிக்கவில்லை. முதலாளி வீட்டில் எல்லோருக்கும் அதுதான் கவலை. பின்சீட்டில் மூன்று பெண்கள், முதலாளியின் மனைவியையும் சேர்த்து. முன்சீட்டில் நான், என் பக்கத்தில் குமாஸ்தா, அவருக்கு அந்தப் பக்கம், இடது ஓரத்தில், முதலாளி. முதலாளி ஏறியதும் கார் பெருமூச்சு விட்டு இன்னும் ஒரு சாண் இறங்கியது.

ஆலை வாசலைத் தாண்டும்போதே இழுக்க ஆரம்பித்துவிட்டது. முன்பெல்லாம் காபிக் கடைக்கு ஒதுங்கப் பார்த்த கார், இப்போது கடைக்குள் நுழையப் பார்த்தது. எனக்குச் சாரலிலும் வேர்த்தது. "லைன்மேன்தான் பார்த்தாரே, லைன்மேன்தான் பார்த்தாரே" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே முறுக்கிப் பிடித்தேன். குற்றாலம் கடைத்தெருவில் எதிரே ஒரு பஸ் வந்தது. அதற்கு வழிவிட இடது பக்கம் லேசாக ஒடித்தேன். லேசாக ஒடித்தது நான். மிச்சத்தைக் கார் பார்த்துக்கொண்டது.

பழக்கடையில் பலாப்பழங்களைக் குவித்து வைத்திருந்தார்கள். தாழ்ந்த கார் அல்லவா, குவியலை இடிக்காமல் அதன் அடியில் முறம் மாதிரி மூக்கை நுழைத்து நின்றது. நாலைந்து பழங்கள் உருண்டு பானட்டின் மேல் ஏறிக்கொண்டன. எதிரே பலகையில் குப்புறப் படுத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மூன்று பேர், எண்ணெய் சொட்டச் சொட்ட எழுந்து பார்க்க வந்தார்கள். யாருக்கும் அடி இல்லை. என் கல்யாணத்துக்குத்தான் அடி என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளி மெதுவான குரலில் கேட்டார். (அவர் மெதுவாகப் பேசினால்தான் ஆபத்து.) "ஏலே, பாக்கச் சொன்னேம்லா. பாத்தியா?"

"பாத்தேன் மொதலாளி. லைன்மேன்தான் பாத்தாவ."

குமாஸ்தா என் பக்கம் திரும்பினார். "எந்த லைன்மேன்?"

"கரண்டு லைன்மேன்யா."

"காருல கரண்டு வேலை ஏதும் இருந்துச்சோ?"

"இல்லைய்யா. வீலுதான்."

"வீலுக்கும் லைன்மேனுக்கும் என்ன சம்பந்தம்?"

"மொதலாளிதான்யா, 'வீல லைன்மேன்ட்ட பாத்துரு'ன்னு சொன்னாவ."

முதலாளி வாயில் இருந்த வெற்றிலையை ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக, "அ... லைன்... மெண்ட்டு" என்றார்.

பின்சீட்டில் ஒரு சத்தம். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பொத்தியும் முடியவில்லை. அதைப் பார்த்து அத்தை, அத்தையைப் பார்த்து முதலாளியம்மா. சிரிப்பை அடக்கமாட்டாமல் மூவரும் குலுங்கியதில் கார் ஆடியது, ஆடியதில் இன்னொரு பலாப்பழம் பானட்டில் விழுந்தது.

இதற்குள் கொஞ்சத் தூரத்தில் கம்பத்தின் மேல் இருந்த லைன்மேன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அவர் பேசாமல் மேலேயே இருந்திருக்கலாம். இறங்கி, நூலையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"நேத்து நான் பாக்கச்சில நேராத்தான்யா இருந்துச்சு" என்றார்.

குமாஸ்தா விடவில்லை. "நேத்து காருக்குள்ள யாரு இருந்தா?"

"யாரும் இல்லைய்யா."

"இன்னைக்கு?"

லைன்மேன் முதலாளியைப் பார்த்தார். மரியாதையாகச் சொல்ல வார்த்தை தேடினார். "இன்னைக்கு கொஞ்சம் பாரம் இருக்கு."

அங்கேதான் விஷயம் பிடிபட்டது. பட்டை கழற்றிய கார், ஆள் ஏறினால் இறங்கும். இறங்கினால் சக்கரம் திரும்பும். வெறும் காரில் பார்த்த நேர், ஆள் ஏறிய காருக்கு உதவாது.

"வெறும் கம்பி நேராத்தான் தெரியும், காக்கா உக்காந்தாத்தான் தொங்கும்" என்று லைன்மேன் விளக்கினார். "எல்லாரும் அவுகவுக எடத்துல அப்படியே இருங்க. நான் சொல்லுத வரைக்கும் யாரும் அசையாதிய."

முதலாளியைக் காக்கா என்று சொன்னவர் அந்தத் தாலுகாவில் அவர் ஒருவர்தான்.

காரைப் பின்னால் எடுத்து ரோட்டில் நிறுத்தினேன். அரை மணி நேரம் இரண்டு குடும்பமும் அசையாமல் காருக்குள் உட்கார்ந்திருந்தது. உடைந்த பலாப்பழத்தைக் கடைக்காரர் சுளை சுளையாக எடுத்து ஜன்னல் வழியே நீட்டினார். எண்ணெய் தேய்த்தவர்கள் சுற்றி நின்று, "எடது பக்கம் இன்னும் ஒரு நூலு" என்று யோசனை சொன்னார்கள். வேறு வேலை இல்லாததால் சம்பந்திகள் பேசினார்கள். அத்தை ஜன்னலோரத்துக்கு மாறிக்கொள்ளக் கேட்டார். "மாறினா மொதல்ல இருந்து பாக்கணும்" என்று காருக்கு அடியில் இருந்து குரல் வந்தது.

திரும்பும்போது நூல் பிடித்தது மாதிரி வந்தது கார். வீட்டு வாசலில் இறங்கியதும் முதலாளி, "சாயங்காலம் ஆலைக்கு வா" என்று மட்டும் சொன்னார். அந்த நாலு மணி நேரத்தில் நான் மனதுக்குள் மூன்று வேறு வேலை தேடி, மூன்றிலும் சேர்ந்து, மூன்றில் இருந்தும் நீக்கப்பட்டிருந்தேன்.

போனேன். "பொண்ணப் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டாவ" என்றார் முதலாளி. "மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த டிரைவருதான் வரணுமாம். மாப்பிள்ளையோட அம்மாவே சொல்லிருக்காவ. போ, காரத் தொடச்சு வை."

ஆவணியில் சுரண்டையில் இருந்து பெண்ணின் அப்பா வந்தார். நான் ஷெட்டுக்குள் நின்று ஒட்டுக் கேட்டேன்.

"பையன் எப்படிங்க?"

"தங்கமான பையன். ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. காதுதான் கொஞ்சம் அப்படி இப்படி" என்றார் முதலாளி, சிரித்துக்கொண்டே.

பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. தம் காதை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அதனால என்ன, வேலை நெலச்சிருக்குல்லா" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது ஐயர் உட்பட எல்லோரும் என் காதருகே வந்து கத்தினார்கள். ஏதோ அந்த ஊர் வழக்கம் போல என்று நினைத்துத் தலையை ஆட்டினேன். மூன்றாம் நாள், என் மனைவி தன் தங்கையிடம் முணுமுணுப்பாக, "மூஞ்சி நல்லாத்தான் இருக்கு, பாவம்" என்று சொன்னாள். பக்கத்து அறையில் இருந்து, "எதுக்குப் பாவம்?" என்று கேட்டேன். அப்போதுதான் எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்ற விஷயம் அவளுக்குத் தெரிந்தது. அவள் வயிறு வலிக்கச் சிரித்தாளே தவிர, பிறந்த வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இரக்கப்பட்டு எனக்கு இரண்டு கரண்டி கூடுதலாகப் போடுகிறார்கள், அதைக் கெடுப்பானேன் என்றாள்.

இன்றைக்கும் சுரண்டைக்குப் போனால் என் மச்சினன் தெருமுனையில் இருந்தே, "அத்தான், காப்பி குடிக்கியளா?" என்று கத்துவான். நான் வாயைத் திறக்கும் முன்னால் எதிர்வீட்டில் இருந்து, "குடிப்பாவ, குடிப்பாவ, சீனி கொஞ்சமாப் போடு" என்று பதில் வரும்.