மாறாப் பிழைக்கு முதல் தரம்

நாட்டில் கடிகாரங்கள் ஒழுங்காக ஓடவேண்டும் என்பதில் அரசாங்கத்துக்கு எக்காலத்திலும் அக்கறை உண்டு. தான் ஓடவேண்டும் என்பதில்தான் அத்தனை அவசரம் இல்லை. ஆகவே, மும்பையின் வசதி படைத்த வாலிபர்கள், விநாடி பிசகாத கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாவி கொடுத்தால்தான் ஓடும் கைக்கடிகாரங்களை வாங்கி அணியத் தொடங்கியதும், அந்தப் புதிய மோகத்தைச் சான்றிதழ் இல்லாமல் அலையவிடலாகாது என்று கருதிச் செம்பூரில் ஒரு வாரியம் நிறுவப்பட்டது. சாவிக் கடிகாரங்களின் நேரந்தவறாமையை அளந்து தரம் வழங்குவது அதன் திருப்பணி.

வாரியத்தின் உறுப்பினர்கள் முதற்காரியமாக வெளிநாடு சென்றார்கள். ஒரு கடிகாரத்தின் உயர்வு அது நாளொன்றுக்கு எவ்வளவு பிசகுகிறது என்பதில் இல்லை, அந்தப் பிசகு நாளுக்கு நாள் மாறாமல் இருப்பதில்தான் இருக்கிறது என்று அங்கே கற்றுக்கொண்டார்கள். மாறாத பிசகை உள்ளே ஒரு சிறு நெம்புகோலைத் தொட்டுச் சரிசெய்துவிடலாம் என்பது அடுத்த பாடம். அதற்குள் விமானத்துக்கு நேரமாகிவிட்டது. திரும்பி வந்து, பாதிப் பாடத்தை முழு விதியாக்கினார்கள். அதோடு நில்லாமல், தரம் பெற்ற கடிகாரத்தை யாரும் திறந்து எதையும் தொட்டுவிடாதபடி பின்மூடியில் ஈய முத்திரையும் வைக்கச் செய்தார்கள்.

இதையெல்லாம் அறியாமல்தான் ஃபர்ஸானா அந்த அலுவலகத்தின் படியேறினாள். தாராவியில், தோல் பட்டறை ஒன்றுக்கு மேலே, இரும்பு ஏணி வைத்து ஏறும் அறையில் அவள் கடிகாரம் கோத்து விற்றுவந்தாள். இயந்திரம் வெளியிலிருந்து வரும்; பொருத்துவதும், திருத்துவதும், முகப்பில் தன் பெயரைப் பொறிப்பதும் அவள். அந்தப் பெயருக்குத்தான் இப்போது ஆபத்து. வாரியத்தின் சான்று இல்லாத கடிகாரத்துக்குத் தன் கண்ணாடிப் பெட்டியில் இடமில்லை என்று மாஹிம் கடை முதலாளி அஸாருதீன் சொல்லிவிட்டார். இடமில்லையென்றால் பெயரை அழித்துவிட்டு, அடுத்தவர் கடிகாரங்களுக்குச் செல் மாற்றிப் பிழைக்கவேண்டியதுதான்.

அவளுடைய கடிகாரம் முறைப்படி சோதிக்கப்பட்டது. முகம் மேலே பார்க்கவும், கீழே பார்க்கவும், சாவித் திருகு நான்கு திசையும் நோக்கவும் அதை மாற்றி மாற்றிக் கிடத்தினார்கள். குளிர்பெட்டியில் வைத்தார்கள், சூட்டில் வைத்தார்கள். அதன் டிக் டிக் ஒலியை ஒரு கருவி காது கொடுத்துக் கேட்டுத் திரையில் புள்ளி புள்ளியாக வரைந்தது. முடிவு சொல்ல அவளை அழைத்தவர் துணை இயக்குநர் சுந்தரராமன். மாதுங்காவில் மூன்று தலைமுறையாக அலுவலகம் போய்வரும் குடும்பம்.

"உன் வாட்ச் நன்னாத்தான் ஓடறதும்மா," என்றார் அவர் வருத்தத்துடன். "ஒரு நாள் ரெண்டு செகண்ட் முன்னாடி போறது, மறுநாள் மூணு போறது. இதுக்கு ஒரு கொள்கையே இல்லையே."

எந்தக் கடிகாரம்தான் தேறியிருக்கிறது என்று அவள் கேட்டாள். அவர் தம் மணிக்கட்டை நீட்டினார். நாள்தோறும் நாற்பது நிமிடம் பின்னடையும் கடிகாரம் அது. நாற்பதிலிருந்து இம்மியும் மாறியதில்லை. காலையில் அலுவலகம் வரும்போது அவர் அதைப் பார்ப்பார். மாலையில் புறப்படும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்.

"இத வச்சிக்கிட்டு ரயில எப்பிடி சார் பிடிப்பீங்க?"

"ரயில் பிடிக்கிறது ரயில்வே விஷயம். இங்கே நாம தரத்தைப் பத்திப் பேசிண்டிருக்கோம்."

ஃபர்ஸானா வீடு திரும்பினாள். கோபம் வந்தால் கத்துகிற பெண் அல்ல அவள். கோபத்தைச் செய்து காட்டுகிறவள். நிராகரிக்கப்பட்ட கடிகாரத்தைத் தன் கையில் கட்டிக்கொண்டாள். இன்னொன்றைத் திறந்து, உள்ளே ஊசலாடும் பேலன்ஸ் சக்கரத்தை மயிரிழைக் கம்பி ஒன்றால் அசையாமல் பிடித்துவைத்து மூடினாள். கடிகாரம் நின்றது. 'உங்கள் விதிக்கு இதுதான் பொருத்தம்' என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதற்காகவே அதைக் கொண்டுபோய்ச் சோதனைக்குக் கொடுத்தாள்.

குறித்த நாளில், நாக்கில் வசவைத் தயாராக வைத்துக்கொண்டு அவள் போய் நின்றபோது, சோதனைக்கூடத்துச் சுஷ்மா கலவரத்துடன் இருந்தாள். கருவிக்கு எதுவுமே கேட்கவில்லை, கடிகாரம் ஓடவில்லை போலிருக்கிறது என்று அந்தப் பெண் பாதி இந்தியிலும் பாதி தமிழிலும் முறையிட்டாள். சுந்தரராமன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு விதிகளை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

"ஓடணும்னு எந்த விதியில இருக்கு, சுஷ்மா?"

எந்த விதியிலும் இல்லை. அவர் கணக்கிடத் தொடங்கினார். முதல் நாள், இருபத்து நான்கு மணி நேரம் பின்னடைவு. மறுநாளும் அதே. வேறுபாடு சுழியம். முகம் மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் அதே. குளிரிலும் சூட்டிலும் அதே. திரையில் ஒரு புள்ளியும் வரிசை தவறவில்லை. தவறுவதற்கு ஒரு புள்ளியும் இல்லை. தம் சேவைக்காலத்தில் இப்படியொரு கட்டுப்பாட்டை அவர் எந்த இயந்திரத்திடமும் கண்டதில்லை; ஊழியர்களிடம் மட்டுமே கண்டிருந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றே கையெழுத்திட்டார். முதல் தரத்துக்கும் மேலே தரம் இல்லாதிருந்தமையால், 'உன்னதம்' என்று ஒன்று அங்கேயே உண்டாக்கப்பட்டது.

வசவு ஃபர்ஸானாவின் நாக்கிலேயே தங்கிவிட்டது. சான்றிதழைக் கிழித்து அவர் மேசைமேல் போடலாம் என்று எண்ணினாள். மாஹிமின் கண்ணாடிப் பெட்டியையும் எண்ணினாள். பின்னது சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. அந்த வாரமே மற்றக் கடிகாரங்களுக்கும் கம்பி வைத்துச் சோதனைக்கு அனுப்பலானாள்.

அஸாருதீன் அவற்றைப் பட்டுத் துணிமேல் நிறுத்தினார். வாங்க வந்த வாலிபர்கள் காதில் வைத்துக் கேட்டு, இத்தகைய அமைதியை வேறெந்தக் கடிகாரத்திலும் அனுபவித்ததில்லை என்றார்கள். சாவி கொடுக்கும் தொல்லை இல்லாததை ஒரு நாகரிகமாகவே கொண்டாடினார்கள். ஓடும் கடிகாரம் கட்டியவனைக் கல்லூரிகளில் சற்று இரக்கத்துடன் பார்த்தார்கள். சான்பாடாவிலிருந்து ஒருவர், வாங்கிய நாள் முதல் விநாடிகூட மாறவில்லை என்று மனமுருகிப் பாராட்டி எழுதியிருந்தார். ஓடவில்லை என்று குறைசொல்ல ஒருவரும் வரவில்லை. நேரம் வேண்டியவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் குறையைக் கொண்டு இரும்பு ஏணியேறி வந்தவர் சுந்தரராமனே. பழைய கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, உன்னதமொன்றை அவரும் வாங்கிக் கட்டியிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"குர்லாவில வண்டி மாறச்சே எவனோ இடிச்சுட்டான். அப்போலேர்ந்து..." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஓட ஆரம்பிச்சுடுத்தும்மா."

ஃபர்ஸானா வாங்கிக் காதருகே பிடித்தாள். அழகாக ஓடிக்கொண்டிருந்தது.

"மழைக்காலத்துல சில நேரம் இப்பிடி ஆவும் சார். வாரன்டி இருக்குல்லா, நிறுத்தித் தாரேன்."

"யார்கிட்டயும் சொல்லிடாதே. அடுத்த மாசம் பிரமோஷன் கமிட்டி. கையில இது ஓடறதுன்னு தெரிஞ்சா..."

"ஓடுத வாட்ச நான் விக்கேன்னு வெளிய தெரிஞ்சா எனக்கு மட்டும் கடையில எடம் இருக்குமா சார்?"

வாரியத்தின் முத்திரையைத் தொடுவது குற்றம் என்பதால், புதிய ஈயத்தையும் அதை நசுக்கும் இடுக்கியையும் அவர் பையில் கொண்டுவந்திருந்தார். அவள் மூடியைத் திறந்து, நழுவியிருந்த கம்பியை மீண்டும் சக்கரத்தின்மேல் பதித்தாள். அவர் முத்திரையிட்டார். எத்தனை மணிக்கு இறங்கினால் ரயில் கிடைக்கும் என்று அவர் கைபேசியை எடுத்துப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்தார்.

"இன்னும் கேக்கறதே?"

அறையில் டிக் டிக் என்று ஓர் ஒலி இருக்கத்தான் செய்தது. நிராகரிக்கப்பட்ட நாளிலிருந்து அவள் கையைவிட்டுக் கழற்றாத கடிகாரம் அது. இரண்டு மூன்று விநாடிப் பிசகோடு, எந்தக் கொள்கையும் இல்லாமல், நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஃபர்ஸானா சட்டைக் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கீழ்ப்பட்டறையில ஆணி அடிக்காங்க சார்," என்றாள்.