சபையில் மிதிக்கக் கூடாத பெட்டி

ஹனீஃபா தன் ரேடியோக் கடை மேசைமேல் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்றைக் காலால் மிதிக்க வேண்டும். மற்றதில் ஒரு குமிழ், கையால் திருக வேண்டும். ஸ்டீல் கிடாரின் நாதத்தைக் குழைப்பதும் கூராக்குவதும்தான் இரண்டுக்கும் வேலை.

"மிதிக்கிறதே வாங்கலாம் நைனா," என்றான் வேணுகோபால். "என் ரெண்டு கையும் கிடார்ல இருக்கும்."

அவன் அப்பா குமாரசாமி முதலியார் நிமிர்ந்தார். மறுநாள் மகளின் கல்யாண வரவேற்பு. கூலிக்கு வாசிப்பவர்கள் எதற்கு, எங்கள் வீட்டிலேயே பாட்டு இருக்கிறது என்று சம்பந்தியிடம் சொல்லியிருந்தார். சொன்ன சொல் நிற்க வேண்டும். மரியாதையும் நிற்க வேண்டும்.

"சம்பந்தி எதிர்ல காலாட்டிக்கினு வாசிப்பியாடா?"

"தறியில நாள் முச்சூடும் மிதிக்கிறீங்களே மொதலியாரே," என்றார் ஹனீஃபா.

"மிதி தறிக்குழிக்குள்ள இருக்குது பாய். சபையில இல்ல."

குமிழ்ப் பெட்டி வீட்டுக்கு வந்தது. ஒத்திகையில்தான் விஷயம் விளங்கிற்று. ஒரு கை நரம்பை மீட்ட, மறு கை இரும்புத் துண்டை நகர்த்த, குமிழைத் திருக வேணுகோபாலுக்கு மூன்றாவது கை இல்லை. பந்தல்காரர்களில் ஒருவரை உட்கார வைக்கலாம் என்றான். குடும்ப மானத்தைப் பந்தல்காரன் திருகுவதா? தாமே திருகுவதாக முதலியார் முடிவு செய்தார்.

மேடையில் இன்னொரு சிக்கல். மகனைப் பார்த்து உட்கார்ந்தால் சம்பந்திக்கு முதுகு காட்டியதாகும். ஆகவே சரிகை அங்கவஸ்திரத்தை விரியப் போட்டுக்கொண்டு, பெட்டியை முன்னால் வைத்து, சபையைப் பார்த்தே அமர்ந்தார். மகன் கிடாரை மடியில் கிடத்திக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி மறைந்தான்.

வாசிப்பு தொடங்கியது. கொஞ்சம் குறைக்கும்படி பின்னாலிருந்து முணுமுணுப்பு வந்தது. முதலியார் ஏதோ ஒரு பக்கம் திருகினார், ஒலிபெருக்கி கீச்சென்றது. மறுபக்கம் திருகினார், போர்வைக்குள் யாரோ அழுவதுபோல் பாட்டு அமுங்கியது. நடுவில் நிறுத்தினார், உர்ரென்று உறுமியது. வேர்வை மீசைக்கு இறங்கியது. முதுகு மட்டும் வளையவில்லை.

ஒருவழியாக முடிந்ததும், மாப்பிள்ளையின் பெரியப்பா காசிநாதன் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து, முதலியாரின் கையைப் பிரியமாகப் பற்றிக்கொண்டார்.

"வருத்தப்படாதீங்க சம்பந்தி. எங்க வூட்டு ரேடியோவுலயும் இந்நேரத்துக்கு ஒரு ஸ்டேஷனும் சரியா எடுக்காது."