ஆறடி வலை

பக்கத்து வீட்டுச் சின்னராஜின் மேச்சேரி ஆடுகள் இரண்டும் வேலியில் புகுந்து வசந்தாமணியின் கீரைப்பாத்தியை மொட்டையடித்த அன்றே இரு வீட்டுப் பெண்களுக்கும் போர் மூண்டுவிட்டது.

முப்பதடிக் கம்பிவலை கட்டினால் ஆடு வராது. வசந்தாமணியின் கணவர் அர்த்தநாரிக்கு நாமக்கல் ரோட்டில் கோழிப்பண்ணை. அங்கே வலை சுருள் சுருளாகக் கிடந்தது. பெயருக்கேற்றபடி எதையும் பாதியாகக் கொடுப்பது அவர் வழக்கம். இந்த முறை பாதிகூட இல்லை. ஆறடிதான் வெட்டிக் கொடுத்தார்.

“ஏனுங்க, மிச்ச வழியில ஆடு வராதுங்களா?”

“முழுசா அடைச்சா சின்னராஜ் பொண்டாட்டிக்குக் கோவம் வரும் புள்ள. சண்டை பெருசாயிரும்.”

உண்மைக் காரணம் அவர் வயிற்றில் இருந்தது. மீதி வலையும் வந்து சேரட்டும் என்று வசந்தாமணி வாரம் இருமுறை நாட்டுக்கோழி அடித்தாள். வந்துவிடக் கூடாதே என்று சின்னராஜின் மனைவி பாவாயி, தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலியோரத்து முருங்கை மரத்தடியில் ஒரு தூக்குப்போசி பணியாரத்தை ரகசியமாக அவரிடம் நீட்டினாள். சமாதான காலத்தில் அவர் இவ்வளவு நன்றாகச் சாப்பிட்டதே இல்லை. இந்தப் போர் நீடூழி வாழ வேண்டும் என்பது மட்டுமே அவர் ஆசை.

ஒருநாள் டிவியில் வேறொரு போர் ஓடிக்கொண்டிருந்தது. அர்த்தநாரி கொதித்துப் போனார்.

“பாத்தியா இந்தப் பெரிய நாட்டுக்காரனை? பீரங்கி குடுக்கறானாம், குண்டை எண்ணித்தான் குடுப்பானாம். எல்லை தாண்டிச் சுடாதேங்கறான்.”

“சண்டை பெருசாயிரும்னு பயமா இருக்குமுங்க.”

“பயமாவது? முழுசாக் குடுத்தா சண்டை முடிஞ்சிரும் புள்ள. முடிஞ்சா இவனை எவன் மதிப்பான்? ரண்டு பக்கமும் இவன் வாசல்லயே நிக்கோணும். அதான் கணக்கு.”

“அப்படீங்களா?” என்றாள் வசந்தாமணி. பிறகு அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பெயரில் அர்த்தத்தை வைத்திருந்தும் அந்தப் பார்வையின் அர்த்தம் அவருக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வாரம் பண்ணையிலிருந்து திரும்பியவர் திகைத்து நின்றார். வேலி முப்பதடியும் அடைபட்டிருந்தது.

“யாரு குடுத்தா வலையை?”

“நம்ம வலைதானுங்க. நானும் பாவாயியும் போன வாரமே ராசியாயிட்டோம். அஞ்சு மணிக்குத்தான் நீங்க பண்ணையில இருக்கறதில்லீங்களே, சின்னராஜண்ணன் தினம் ஆறடியா வெட்டியாந்து சேத்து வெச்சாரு. இன்னிக்குக் கட்டியாச்சு.”

அன்று மதியம் வெறும் ரசம். அர்த்தநாரி மனதைத் தேற்றிக்கொண்டார். நாட்டுக்கோழி போனால் போகட்டும், பணியார விஷயம் இவளுக்குத் தெரியாதே. ஐந்து மணிக்குப் பூனைபோல முருங்கை மரத்தடிக்குப் போனார்.

“பாவாயி, இன்னிக்குப் போசி வரலையே?” என்றார், குரலைத் தாழ்த்தி.

பாவாயி குரலைத் தாழ்த்தவில்லை. அவரைத் தாண்டி அவர் வீட்டுச் சமையலறையைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏனுங்க்கா, அண்ணன் பணியாரம் கேக்கறாருங்க. இன்னிக்கு நீங்க ஊத்தித் தரலீங்களா?”

“ஒரு வாரம் ஊத்துனதுல மாவு தீந்து போச்சுன்னு சொல்லு பாவாயி.”