மழைக்காலத் தீவில் நான் தனியாக இருந்த விவரம்

ஹாவ்லாக் தீவு,
ஜூலை 9, புதன்கிழமை.

அன்பு மகன் நௌமானுக்கு,

உன் அம்மா சுரையா பஷீர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நான் இங்கே பூரண நலம். நீ, உன் மனைவி ஷாயிஸ்தா, குழந்தை ஃபிசா மூவரின் நலத்தையும் ஒரே வரியில் தெரிவிக்கவும். நீ இரண்டாவது வரி எழுதினால் அதில் சென்னை வந்துவிடுகிறது.

முதலில் நம் ஒப்பந்தத்தை நினைவூட்டுகிறேன், உனக்கு மறதி அதிகம். டிசம்பரில் நான் குளியலறையில் விழுந்துவிட்டேன் என்று நீங்கள் இருவரும் சொல்லி வருகிறீர்கள். நான் விழவில்லை, எதிர்பாராத இடத்தில் உட்கார்ந்தேன். அதற்காக ஊட்டி வீட்டைப் பூட்டிக்கொண்டு உங்களோடு சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்று ஆறு மாதமாக ஒரே பேச்சு. கடைசியில் ஷாயிஸ்தாதான் ஒரு வழி சொன்னாள். தெரியாத ஊரில் பத்து நாள் யாருடைய துணையும் இல்லாமல் நான் இருந்து காட்டினால் சென்னைப் பேச்சு அத்தோடு தீர்ந்தது; இல்லையென்றால் அக்டோபரில் நான் பெட்டி கட்ட வேண்டும். அந்தமானில் சலுகை விலைக்கு விடுதி கிடைக்கிறது என்று அவளே பதிவும் செய்தாள். இன்று ஒன்பதாம் நாள்.

சலுகை ஏன் என்று கப்பலை விட்டு இறங்கியதுமே தெரிந்தது. மழை. நான் ஆச்சரியப்படவில்லை. ஏப்ரல், மே சீசன், கடையை விட்டு நகர முடியாது. செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசன், அப்போதும் முடியாது. ஊட்டியில் ஸ்வெட்டர் கடைக்காரரைக் கட்டிக்கொண்டவள் ஜூலையில்தான் ஊர் பார்க்க முடியும். திருமணமான வருடம் உன் அத்தா என்னைச் சூரிய உதயம் காட்டுவதற்காகக் கன்னியாகுமரிக்கு அழைத்துப் போனார். நான்கு நாளும் குடைக்குள் நின்று பார்த்தேன், உதயம் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. ஆகவே மழையில் விடுமுறையைக் கழிப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்து, கம்பளிக் காலுறை நான்கு ஜோடி, வெந்நீர்ப் பை, காதை மூடும் குல்லாய், உன் அத்தாவின் மேல்கோட்டு எல்லாம் எடுத்து வந்திருந்தேன். மழை பெய்துகொண்டிருக்கும்போதே வியர்க்கிற ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை எழுபத்து நான்கு வயதில் தெரிந்துகொண்டேன். இவற்றை அடைத்து வந்த பெட்டி திறக்கப்படவே இல்லை.

விடுதியில் விருந்தாளி நான் ஒருத்திதான். அறைக் கதவின் பின்னால் ஓர் அட்டவணை அச்சடித்து ஒட்டியிருக்கிறது. பத்து மணிக்குக் கடற்கரையில் ஊஞ்சல் படுக்கையில் ஓய்வு, நான்கு மணிக்குக் கண்ணாடிப் படகு, ஐந்தரைக்குச் சூரிய அஸ்தமனம். அட்டவணை என்று ஒன்று இருந்தால் அதன்படி நடக்க வேண்டும் என்றுதான் கான்வென்ட்டில் எங்களை வளர்த்தார்கள். மழைக்காலத்தில் இதெல்லாம் கிடையாது என்று மேனேஜர் தரணிதரன் சொன்னார். அப்படியானால் அதை அச்சிலும் போட வேண்டும் என்றேன். பத்து மணிக்கு ஊஞ்சல் படுக்கையைக் கட்டினார்கள். நான் குடையோடு படுத்து ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தேன். வலைப் படுக்கையாதலால் தண்ணீர் தேங்கவில்லை, அந்த அளவில் திருப்தி.

இங்கே அறைகளைப் பார்த்துக்கொள்பவள் கெஸியா என்று ஒருத்தி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். நம் ஊட்டி மலையிலேயே உள்ள ஓவேலித் தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஒரு காலத்தில் இந்தப் பக்கம் வந்துவிட்ட குடும்பம் என்றாள். இவளைப் பற்றி விடுதிக்குத் தனியாகப் புகார் எழுத வேண்டும். தேநீரில் கேட்காமலே சர்க்கரை போடுகிறாள். மூன்று முறை சொன்ன பிறகும் என்னைப் பாட்டிம்மா என்கிறாள். எனக்குத் துணை தேவையில்லை என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லியும், ஊஞ்சல் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரமும் நனைந்துகொண்டு நின்றாள். கேட்டால், சும்மாதான் நிக்கிறேன் என்கிறாள்.

மூன்றாம் நாள் படகு. படகுக்காரர் பெயர் ஹெர்பர்ட். மழையைப் பார்த்து நான் தயங்கினேன். அவர் வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அரை மணி நேரத்துல விட்டுரும்மா, அதுவரைக்கும் கடையில ஒக்காருங்க" என்றார். கடை அவருடைய மனைவியுடையது. அரை மணி நேரம் உட்கார்ந்தேன், அப்புறம் இன்னும் அரை மணி நேரம். இரண்டு சங்கு, சிப்பி ஒட்டிய முகக்கண்ணாடி ஒன்று, சிப்பியிலேயே செய்த மயில் ஒன்று வாங்கினேன். மயிலைக் காகிதத்தில் சுற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. "அரை மணி நேரத்துல மேகம் விலகிருமுங்க, அதுவரைக்கும் உள்ள வந்து ஒரு சால்வையப் பாருங்க" என்று தொட்டபெட்டா பார்க்க வந்தவர்களிடம் உன் அத்தா நாற்பது வருடம் சொன்ன வாக்கியம் அது. விலகாது என்பது நமக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நான் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹெர்பர்ட்டைக் குறை சொல்வதற்கில்லை, நல்ல வியாபாரி. பிறகு படகிலும் போனோம். அடியில் உள்ள கண்ணாடி வழியாக மீன் தெரியும் என்பது ஏற்பாடு. கண்ணாடிக்கு மேலே கணுக்கால் அளவு மழைத் தண்ணீர் நின்றதால் என் கால் தெரிந்தது.

ஐந்தாம் நாள் படுக்கை விரிப்பு ஈரமாக இருந்தது. கடல் காத்துல அப்படித்தாம்மா இருக்கும் என்று கெஸியா சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊட்டியில மூணு மாசம் வெயிலே காணாம துணி காய வைக்கிறவ நான், எங்கிட்ட வந்து ஈரத்தப் பத்திச் சொல்றியா என்று கேட்டேன். சமையல்கட்டிலிருந்து கரியும் ஒரு மூங்கில் கூடையும் வரவழைத்து, நெருப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் விரிப்பைப் போட்டேன். இருபது நிமிடத்தில் அப்பளம் மாதிரி காய்ந்தது. அப்போது புகைக்கென்று கூரையில் வைத்திருக்கும் மணி அடித்தது. மூன்று பேர் வாளியோடு ஓடி வந்து, காய்ந்துவிட்டிருந்த விரிப்பின் மேல் ஊற்றினார்கள். தரணிதரன் இனி அறைக்குள் நெருப்பு கூடாது என்று பணிவாகச் சொன்னார். நானும் பணிவாகவே பதில் சொன்னேன்.

ஆறாம் நாள் மாலை அஸ்தமனம் பார்க்கப் படித்துறைக்குப் போனேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஏழாம் நாளிலிருந்து ஓய்வாக இருக்கிறேன். கெஸியாவின் அட்டகாசம் கூடியிருக்கிறது. என் தலையை அவள்தான் வாருகிறாள், வகிடு கோணல். மீனில் முள் எடுத்துத் தருகிறாள், நான் கேட்கவில்லை. கரன்ட் போனால் பயந்துவிடுவேன் என்று என் அறையிலேயே பாய் போட்டுப் படுக்கிறாள், குறட்டை விடுகிறாள். இரண்டு நாளாகக் கடல் கொந்தளித்துக் கப்பலும் வரவில்லை. பேசுவதற்கு வேறு ஆள் இல்லாததால் அவளோடு பேச வேண்டியிருக்கிறது. நேற்று கேட்டாள்.

"அவ்வளவு பெரிய ஊட்டுல ஒத்தையாவா இருக்கீங்க?"

"நீ எங்க இருக்கிற?" என்றேன்.

துணி அடுக்கி வைக்கும் அறையில் ஒரு கட்டில் போட்டிருக்கிறார்களாம். கணவர் இறந்த பிறகு மகளோடு கொஞ்ச நாள் போர்ட் பிளேரில் இருந்து பார்த்தாளாம், ஒத்து வரவில்லையாம். அடுத்த வாரத்திலிருந்து மழை முடியும்வரை விடுதியை மூடுகிறார்கள், மறுபடி மகள் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் விரிப்பையே மடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "எங்கம்மா சாகுற வரைக்கும் ஓவேலி குளிரு, ஓவேலி குளிருன்னே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நான் குளிருன்னா என்னன்னு கண்டதே இல்ல பாட்டிம்மா" என்றாள். பாட்டிம்மா என்று சொல்லாதே என்றேன்.

ஆக, ஒன்பது நாளும் நான் யாரிடமும் உதவி கேட்கவில்லை, எவருடைய துணையும் எனக்குத் தேவைப்படவில்லை. சென்னைப் பேச்சு முடிந்தது. ஒப்பந்தத்தை ஷாயிஸ்தாவுக்குப் படித்துக் காட்டவும். அவளுக்கு என் சலாம், ஃபிசாவுக்கு என் முத்தமும் துஆவும். உங்கள் மூவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், பெரியவர்கள் சொல்வதைக் கேட்கும் பொறுமையையும் தருவானாக.

இப்படிக்கு,
உன் அன்புள்ள தாய்,
சுரையா பஷீர்.

பி.கு.: இதைச் சொன்னவள் நான், எழுதியவள் கெஸியா. ஆறாம் நாள் மாலை படியில் பாசி இருந்தது. என் வலது கை முழங்கை வரை மாவுக்கட்டில் இருக்கிறது, ஆறு வாரம் என்கிறார் டாக்டர். மேலே பூரண நலம் என்று சொன்னது மற்ற பாகங்களுக்குப் பொருந்தும். அவளைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதியிருக்கிறாளா என்று கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்தேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. குறட்டை வந்த இடத்தில் மட்டும் பேனாவை வைத்துவிட்டுப் போய் ஒரு தேநீர் கொண்டுவந்தாள், சர்க்கரை இல்லாமல். ஊட்டி வீட்டின் மேற்கு அறையைத் திறந்து காற்றாட விடும்படி பக்கத்து வீட்டு வினோத்திடம் சொல்லவும். கெஸியா என்னோடு ஊட்டிக்கு வருகிறாள். எனக்குத் துணைக்கு என்று ஷாயிஸ்தா நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளுக்கும் வயதாகிறது, தனியாக விட முடியாது.