உப்பு பத்தாத கீரை

கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும், விளைந்ததை எல்லாம் குப்பைமேட்டில் கொட்டிய விவசாயி ஒருவர்தான் கிடைப்பார். எழுபதுகளில் கம்பத்தில் எங்கள் தெருவில் இருந்த ஸ்டவ் ரிப்பேர்காரர். பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

தெருக்கோடியில் ஒரு குச்சி ஐஸ் கம்பெனி இருந்தது. ஐஸ் உறைய வைக்கும் உப்புத்தண்ணீரை வருஷக்கணக்காகப் பின்பக்கம் திறந்துவிட்டு, ஒருநாள் மூடிக்கொண்டு போய்விட்டார்கள். பின்பக்கம் பாத்திமுத்து அக்காவின் நிலம். புருஷன் போன பிறகு அவருக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். வெண்டை போட்டார், கருகியது. அவரை போட்டார், முளைக்கவே இல்லை. லாரி ஷெட் போட ஒருவர் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்.

"குடுத்துராத தங்கச்சி. உப்ப நான் எடுத்துத் தாரேன்" என்றார் ஸ்டவ்காரர்.

"எத வச்சுண்ணே? ஸ்டவ் அடைப்புக் குத்துற பின்ன வச்சா?"

அந்த மண்ணில் தானாக முளைத்தது பருப்புக்கீரை மட்டும்தான். ஸ்டவ்காரர் அதைக் கிள்ளி மென்று பார்த்திருக்கிறார், கரித்திருக்கிறது. அவ்வளவுதான், நிலம் முழுக்க அதையே விதைத்தார். தளதளவென்று வளர்ந்ததும் வேரோடு பிடுங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோனார். பழுதான ஸ்டவ்கள் கடையில் குவிந்தன. பாதித் தெரு விறகடுப்புக்குத் திரும்பியது.

வழியில் வயலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சம்சாரி மறித்தார். "தழைய மடக்கி உழுகாம எங்கன தூக்கிட்டுப் போறீரு?"

"மடக்கி உழுதா உப்பு திரும்ப அங்கனயேதானய்யா படுக்கும்."

சம்சாரி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் எதிர்வீட்டம்மா, சும்மா கிடக்கிற கீரைதானே என்று ஒரு மடி பறித்துப்போய், வழக்கம்போல உப்புப் போட்டுக் கடைந்துவிட்டார். மறுநிமிஷம் சட்டியோடு சண்டைக்கு வந்தார்.

"எங்க வீட்டுக்காரக சாப்பிடாமயே எந்திரிச்சுப் போயிட்டாக. இது கீரையா, கருவாடா?"

ஸ்டவ்காரர் ஒரு விரல் எடுத்து நக்கினார். முகம் கல்யாண வீடாகிவிட்டது. சட்டியைப் பிடுங்கிக்கொண்டு பாத்திமுத்து அக்கா வீட்டுக்கு ஓடினார். "தங்கச்சி, உன் நிலத்து உப்பு கிளம்பிருச்சு."

அன்றிலிருந்து ஒவ்வொரு பிடுங்கலுக்கும் ஒரு கை கீரையை உப்பில்லாமல் கடைந்து ருசி பார்ப்பது வழக்கமாயிற்று. நானும் போய் மாட்டிக்கொண்டேன். முதல் தடவை துப்பினேன். அடுத்த தடவை செம்புத் தண்ணீரோடு விழுங்கினேன். லாரி ஷெட்காரரும் விடாமல் வந்துகொண்டிருந்தார். அக்கா மோர் மட்டும் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

மழைகள் போயின. ஒருநாள் அக்கா ஒரு வாய் எடுத்து வைத்து, வெகுநேரம் மென்றார்.

"அண்ணே, உப்பு பத்தலயே."

ஸ்டவ்காரர் சோற்றுக்கையோடு அழுதார். அக்கா எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்துவந்து, முதலில் அவர் தட்டில்தான் போட்டார். அந்தப் பட்டத்தில் வெண்டை முளைத்தது.

இன்றைக்கும் என் வீட்டில் கீரையில் உப்பு குறைந்தால் நான் வாய் திறப்பதில்லை. அந்த மனுஷரை நினைத்துக்கொண்டு, மறுசோறு வாங்கிச் சாப்பிட்டுவிடுகிறேன்.