கோஸுக்குப் பயந்து வந்த மறதி

சுன்சிக் தீர்மானம் பண்ணிவிட்டார். இன்று முதல் தனக்கு ஞாபகமறதி.

எழுபத்திரண்டு வயதில் மனுஷனுக்கு வேறு என்ன ஆயுதம் இருக்கிறது? வருகிற சனிக்கிழமைக்கு அவருடைய சிநேகிதர் நோ, குன்சான் துறையில் படகு பேசி வைத்திருக்கிறார். இந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி மீன்பிடி. அப்புறம் குளிர் இறங்கிவிடும், படகுக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். கஷ்டம் என்னவென்றால், வருஷா வருஷம் நவம்பர் கடைசி சனிக்கிழமைதான் அவர் வீட்டில் கிம்ஜாங். குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுவதற்காகக் கோஸை மலைமலையாகக் குவித்து, உப்பில் ஊறவைத்து, அலசி, இலை இலையாக மிளகாய் விழுது தடவி, கிம்ச்சி போடுகிற திருவிழா. திருவிழா என்று சொல்கிறவர்கள் எல்லாரும் கோஸ் தூக்காதவர்கள். தூக்குவது சுன்சிக்கின் இடுப்பு.

பக்கத்து வீட்டு குவாக்குக்குப் போன வருஷம் லேசாக மறதி என்று தெரிந்ததுமே, அவர் சம்சாரம் அவரைக் கிம்ஜாங் பக்கமே விடவில்லை. 'கொடுத்து வைத்த மனுஷன்' என்று சுன்சிக் பெருமூச்சு விட்டார். ஒரு வருஷமாக அந்தப் பெருமூச்சு உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் ஆரம்பித்தார்.

"என்னங்க, மிசுக் போன் பண்ணினா," என்றாள் மனைவி ஒக்பூன்.

"மிசுக்கா? யாரு அது?"

"நாம பெத்த பொண்ணுங்க!"

"நமக்குப் பொண்ணு இருக்கா? என்கிட்ட சொல்லவே இல்லியே!"

ஒக்பூன் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. எழுந்து வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கண் தளும்பிவிட்டது. "என்னங்க இது... என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க."

நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று சுன்சிக் வாயைத் திறந்தார். படகு ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே பேட்டை நல்வாழ்வு நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே ஞாபகசக்தியைச் சோதிக்கிறவள் பாங் என்கிற நர்ஸ். சிரித்த முகம். அந்தச் சிரிப்புதான் முதலில் காலை வாரியது.

"அப்பா, உங்களுக்கு என்ன வயசு?"

"எந்த வயசு வேணும்? பொறந்தப்பவே ஒரு வயசுன்னு எண்ணுற பழைய கணக்குல எழுபத்திமூணு. பொறந்த கணக்குல எழுபத்திரெண்டு. எங்கப்பா லேட்டாப் பதிஞ்சாரு, அதனால அட்டையில எழுபத்தொண்ணு." நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "...இல்ல, தெரியலை," என்றார் சுன்சிக்.

"இன்னிக்கு என்ன தேதி?"

"தெரியலை."

"ஆரம்பத்துல நான் ஒரு வாக்கியம் சொன்னேனே, அதைத் திருப்பிச் சொல்லுங்க."

"நீங்க பேசவே இல்லியேம்மா."

அப்போதுதான் சுன்சிக்குக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. தெரியாது என்று சொல்ல முதலில் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது! தேதியை உள்ளே பிடித்து அமுக்கினால் அது தக்கை மாதிரி மேலே மேலே வருகிறது. அந்த வாக்கியமோ மண்டைக்குள் பாட்டாகவே ஓடுகிறது. அடேயப்பா, மறப்பதற்கே இவ்வளவு ஞாபகசக்தி வேண்டுமா? சொந்த மண்டை இத்தனை வினோதமாக வேலை செய்யும் என்று இத்தனை வருஷம் தெரியாமல் போச்சே! அந்த ஆச்சரியத்தில் கொஞ்சம் அசந்துவிட்டார்.

"கடைசிக் கேள்விப்பா. ஒரு நிமிஷத்துல எத்தனை மீன் பேர் முடியுமோ, சொல்லுங்க."

ஒன்றே ஒன்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார்.

"கானாங்கெளுத்தி." வாய் நிற்கவில்லை. "வாளை, கத்தாழை, நாக்குமீன், கொடுவா... கொடுவாவுக்குப் புழு வேலைக்கு ஆகாதும்மா, உயிரோட இறாலைக் கோக்கணும். கணவாய்னா கல்லு இடுக்குல கிடக்கும். இந்தச் சனிக்கிழமை விடியக்காலை தண்ணி ஏறுறப்போ நீ துறைக்கு வந்து பாரு, நானும் நோவும்..."

நிறுத்தினார். நிமிஷம் முடிந்திருந்தது. எல்லாமே முடிந்திருந்தது. ஒக்பூன் கண்ணில் ஈரமே இல்லை.

"ஆச்சரியமா இருக்கும்மா," என்றாள் நர்ஸ். "பெத்த பொண்ணைத் தெரியலைங்கிறார், இறாலைத் தெரியுது."

"எனக்கு ஆச்சரியமே இல்ல," என்றாள் ஒக்பூன். "மறந்து போனதுக்கு மருந்து என்னம்மா?"

"மாத்திரையெல்லாம் அப்புறம். இப்போதைக்குக் கையும் மூளையும் சேர்ந்து வேலை செய்யணும். படிப்படியா, வரிசை தப்பாமப் பண்ற வேலை. பழகின வேலைன்னா ரொம்ப நல்லது. ஒரு மாசம் கழிச்சு மறுபடி சோதிச்சு, எவ்வளவு தேறியிருக்கார்னு பார்க்கலாம்."

"கிம்ஜாங்?"

"அதைவிட என்ன வேணும்! ஆனா நீங்க கைகொடுக்கக் கூடாது. அவரே ஞாபகப்படுத்திக்கிட்டுப் பண்ணணும்."

"விரலைக்கூட வைக்க மாட்டேன்," என்று ஒக்பூன் சந்தோஷமாகச் சத்தியம் பண்ணினாள்.

சனிக்கிழமை. நோ படகில். சுன்சிக் கோஸில். ஒக்பூன் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கை உரித்துத் தின்றுகொண்டு பக்கத்தில்.

"உப்பு எவ்வளவுங்க?"

"எனக்குத் தெரியும்டி!"

"ஓ, தெரியுதா? நல்லாத் தேறிட்டு வர்றீங்க. அந்த மூட்டையையும் பிரிங்க."

சரியாகச் சொன்னால் வைத்தியம் பலிக்கிறது, இன்னும் பண்ணு. தப்பாகச் சொன்னால் வைத்தியம் போதவில்லை, முதலிலிருந்து பண்ணு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கோஸ்.

பொழுது சாய்கிற நேரம் சுன்சிக் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "போதும்டி. எனக்கு மறதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தக் கிம்ஜாங்லேர்ந்து தப்பிக்கத்தான் நடிச்சேன்."

"தெரியும். அன்னிக்கு ராத்திரி நான் நிஜமாவே அழுதேங்க. பொட்டுத் தூக்கம் இல்ல. அந்த அழுகைக்குத்தான் இத்தனை கோஸையும் சொல்லி வரவழைச்சேன்."

"வரவழைச்சியா?"

"பின்னே? மணிக்கட்டு வலிக்குது, இந்த வருஷம் கிம்ஜாங்கே வேணாம், கிம்ச்சியைக் கடையில வாங்கிக்கலாம், நீங்க மீன் பிடிக்கப் போயிட்டு வாங்கன்னு கோடையிலயே சொன்னேனே. நீங்களும் தலையாட்டினீங்களே!"

சுன்சிக் யோசித்தார். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். சத்தியமாக ஞாபகம் இல்லை.

ஒக்பூன் அவர் மூஞ்சியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கையில் ஒட்டியிருந்த கிழங்குத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"சரி விடுங்க. அடுத்த சனிக்கிழமை முள்ளங்கிக் கிம்ச்சி."