ஓட்டையண்ணனின் காலைப் பெரட்டு

ஊவா மாகாணத்திலேயே ஓட்டையைக் கண்டு சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் ஓட்டையண்ணன்தான். பஸ்ஸில் ஏறினால் முதலில் கூரையைப் பார்ப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தலைப் பார்ப்பார். "ஒழுகாத பந்தல்னு ஒண்ணு இல்லீங்க. மழ வரல, அவ்வளவுதான்" என்று மாப்பிள்ளையின் தகப்பனாரிடமே சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தவர்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு புடவைக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். அவரும் நானும் மட்டும்தான். தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர்களும் இங்கே இலங்கையிலேயே தங்கிவிட்ட உறவுகளும் ஒருவரையொருவர் தேடிக்கொள்ள ஓர் இணையத்தளம் நடத்தினோம். ஒரு தோட்டத்தில் பத்துச் செல்லம்மா இருப்பார்கள். அவரவரை வேலை வாங்கிய கங்காணி பெயரையும் சேர்த்துத் தேடினால்தான் சரியான ஆள் அகப்படும். அந்த யோசனை என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தளத்தை நாங்கள் அடியிலிருந்து கட்டவில்லை. வெளிநாட்டில் யார் யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த ஃபிரேம்வர்க் என்ற மென்பொருள் சட்டகத்தின் மேல் கட்டினோம். ஊர் உலகமெல்லாம் அதை உபயோகித்ததால், அதில் ஓட்டை இருந்தால் ஊர் உலகத்துத் திருடர்களுக்கும் தெரிந்துவிடும். எழுதியவர்கள் ஓட்டையை அறிவித்து, அதை அடைக்க ஒரு பேட்சும் அனுப்புவார்கள். காலை எட்டு மணிக்கு ஓட்டையண்ணன் அந்த அறிவிப்பை அச்செடுத்து, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் தோட்டத்துப் பெரட்டில் பேர் கூப்பிடுவது போல உரக்க வாசிப்பார். நான் எழுந்து நிற்க வேண்டும். "உக்காந்திருந்தா அரை நாள் சம்பளந்தான் போடுவேன்" என்பார்.

பேட்ச் போட்ட பிறகுதான் வேடிக்கை. எதிரே போனும் இன்டர்நெட்டும் வைத்திருந்த கொமியூனிகேஷன் கடைக்குப் போய், காசு கொடுத்து உட்கார்ந்து, எங்கள் தளத்தில் தானே திருடப் பார்ப்பார். முடியாவிட்டால் வடையோடு திரும்புவார். முடிந்துவிட்டால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் வடை கிடையாது.

லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து செல்லம்மா அக்கா வருவார். சிறு வயதில் கப்பலேறிய தம்பியைத் தேடிக்கொண்டிருந்தார். குடியிருந்த லயத்து வீடு மாறி, கடிதம் நின்று இருபது வருடத்துக்கு மேல். ஒரு நாள் இந்தியாவுக்குப் போய் வந்த ஒருவர் சேதி கொண்டுவந்தார். கோத்தகிரி பஸ்ஸில் தம்பியைச் சந்தித்தாராம். எங்கள் தளத்தைப் பற்றிச் சொன்னாராம். சனிக்கிழமை கம்ப்யூட்டர் கடைக்குப் போய் எழுதுவதாகத் தம்பி சொன்னானாம். முகவரி வாங்க மட்டும் அந்த மகானுக்குத் தோன்றவில்லை.

"திங்கக்கெழம வந்து பாக்குறேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் அக்கா.

அந்த வெள்ளிக்கிழமை ஓட்டையண்ணன் பண்டாரவளையில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். அன்று பார்த்து அறிவிப்பு வந்தது. வெளியாள் உள்ளே புகுந்து எதையும் அழிக்கலாம், உடனே அடைக்கவும் என்றிருந்தது. எனக்கும் பேட்ச் போடத் தெரியும். ஆனால் போன தடவை போட்டபோது என் கங்காணித் தேடல் இரண்டு நாள் வேலை செய்யவில்லை. தம்பி எழுதப்போகிற நேரத்தில் அப்படி ஆனால் என்ன செய்வது? திங்கட்கிழமை பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை தளத்தில் ஒன்றுமே இல்லை. எவனோ புகுந்து எல்லாவற்றையும் துடைத்திருந்தான். ஓட்டையண்ணன் பிஸ்கட் டின்னில் வைத்திருந்த சீடியிலிருந்து வியாழக்கிழமை வரை உள்ளதை மீட்டார். சனிக்கிழமை போனது போனதுதான். நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் அறிவிப்புத் தாளைக் கையில் எடுத்தார். நான் எழுந்து நின்றேன்.

"உக்காருங்க தங்கச்சி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த நேரம் பார்த்துச் செல்லம்மா அக்கா படியேறி வந்தார்.

"தம்பி ஏதும் எழுதுனானாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஓட்டையண்ணன் முந்திக்கொண்டார். "தளத்துல ஒரு ஓட்ட இருந்துச்சுக்கா. அடைக்காம விட்டுட்டேன். எழுதியிருந்தா அழிஞ்சிருக்கும். என் தப்பு."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஓட்டயப் பாக்குறதுதானே ஒங்க வேல" என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"பெரட்டு எடுக்குறவன்தான் பதில் சொல்லணும்" என்றார்.

பேட்ச் போட்டுவிட்டு, யார் எப்போது வந்து எதைத் தேடினார்கள் என்று குறித்துவைக்கும் சர்வரின் வருகைப் பதிவை வரி வரியாக வாசித்தார். திருடன் அதைத் தொடவில்லை. சனிக்கிழமை காலை இந்தியாவிலிருந்து யாரோ அக்காவின் தோட்டத்தையும் அவர் குடும்பத்தின் கங்காணியான பெரியகருப்பன் பெயரையும் தேடியிருந்தார்கள். ஓட்டையண்ணன் தளத்தின் முகப்பில் பெரிய எழுத்தில் போட்டார்: "சனிக்கிழமை பெரியகருப்பன் கங்காணி பேரைத் தேடியவரே, நீங்கள் எழுதியது எங்களிடம் இல்லை. தவறு எங்களுடையது. அக்கா காத்திருக்கிறார். தயவு செய்து மறுபடியும் எழுதுங்கள்."

அன்றிலிருந்து அவர் வடை தின்னவில்லை. பதினெட்டு நாள். பத்தொன்பதாம் நாள், பதில் வந்திருக்கிறதா என்று பார்க்கத் தளத்துக்கு வந்த தம்பி அந்த முகப்பு அறிவிப்பை வாசித்துவிட்டு மறுபடியும் எழுதினான். சேதி சொல்ல ஓட்டையண்ணனே லுணுகலை பஸ்ஸில் ஓடினார். அன்றைக்குக் கூரையைப் பார்த்தாரா, தெரியாது.

அக்காவும் தம்பியும் போனில் பேசிக்கொண்டார்கள். ஆனாலும் அக்காவுக்கு அவர் மேல் இருந்த கோபம் முழுதாக ஆறவில்லை. "அந்தாளு கவனமா இருந்திருந்தா அன்னிக்கே பேசியிருப்பேன்" என்று எல்லோரிடமும் சொல்வார். ஓட்டையண்ணன் கேட்டுச் சிரிப்பார். அவர் இருந்தவரை என்னை வாய் திறக்க விடவில்லை. இப்போது அவர் இல்லை.

செல்லம்மா அக்கா, அந்த ஓட்டையை விட்டது அவர் இல்லை, நான். இதை எழுந்து நின்றுதான் எழுதுகிறேன்.